அன்பின் பேரில் எழுதிய உறுதி

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, ரோட்டோரத்தில் இருந்த இருபது பேர்ச் காணியை நானும் அவளும் சேர்ந்து வாங்கினோம். தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் பிறந்தவர்கள் நாங்கள். அவர்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அங்கே இருமினால் இங்கே கேட்கும். இருவருக்கும் ஒன்றாகவே ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அதுவரை எங்கள் இரண்டு குடும்பங்களிலும் யாருக்கும் சொந்தமாகக் காலடி மண் கிடையாது.

ரோட்டுப் பக்கத்துப் பாதி அவளுக்கு, உள்பக்கத்துப் பாதி எனக்கு. அவளுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்ததால் நானேதான் அப்படிப் பிரிக்கச் சொன்னேன். என் பாதிக்குப் போக, அவள் காணியின் ஓரமாக மூன்றடிப் பாதை.

ஹட்டனில், காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒரு நிபந்தனை போடச் சொன்னவள் அவள்தான்.

"நாளைக்கு இவ யாரையாவது கட்டிக்கிட்டு கொழும்புக்குப் போயிருவா சேர். அப்புறம் எவனோ வந்து எம் பக்கத்துல குந்திக்குவான். விக்கிறதா இருந்தா மொதல்ல மத்தவங்ககிட்டதான் கேக்கணும்னு எழுதிருங்க."

நொத்தாரிசு சிரித்துக்கொண்டே எழுதினார். யார் விற்பதானாலும் வெளியார் கொடுக்கும் அதே விலைக்கு முதலில் மற்றவரிடம் கேட்க வேண்டும். ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகே வெளியாருக்குக் கொடுக்கலாம். அவர் வாசித்துக் காட்டினார், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

நான் கல்யாணமும் கட்டவில்லை, கொழும்புக்கும் போகவில்லை. சனிக்கிழமைகளில் அந்தக் காணியில் லீக்ஸும் போஞ்சியும் போட்டேன். லயத்திலேயே இருந்த அம்மாவை அங்கே ஒரு வீடு கட்டிக் கூட்டி வர வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கிருந்த எண்ணம்.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள், பாடசாலை விட்டு வரும்போது அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு கொழும்புல கடை போடப் போறாருடி. காணியக் குடுக்கலாம்னு இருக்கோம். கொழும்புல ஓட்டல் வச்சிருக்கிற ஒரு ஆள் கேக்குறாரு. ஆனா ஒனக்குத்தான் மொதல்ல."

"ஒரு மாசம் குடு. லோனுக்குப் போட்டுர்றேன்" என்றேன்.

"எடுத்துக்க. ஒனக்கில்லாமயா?"

நம்பி அலைந்தேன். சம்பளக் கடிதத்துக்கு நுவரெலியாவுக்குப் போனேன். பிணை நிற்க இரண்டு ஆசிரியர்களிடம் கெஞ்சினேன். "அடுத்த கிழமை வாங்க டீச்சர்" என்று வங்கியில் சொன்ன அன்று, அவள் கொடுத்த மாதத்தில் மூன்று வாரம்கூட முடிந்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காணிக்குப் போனால், சர்வேயர் ஒருவர் அளந்துகொண்டிருந்தார். அவள் பாதியின் நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள். யாருடைய வேலை என்று சிங்களத்தில் கேட்டேன். ஓட்டல்காரருடைய ஆள் ஃபைலைத் திறந்து ஒரு பிரதியை நீட்டினார்.

நன்கொடை உறுதி. இன்னார்மீது தனக்குள்ள அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும் இந்தக் காணியை மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுப்பதாக, வேறொரு நொத்தாரிசு எழுதியிருந்தார். அந்த ஓட்டல்காரரை அவள் பார்த்ததே இரண்டு தரமோ மூன்று தரமோதான். அவர்மேல் அவளுக்கு அன்பு, பாசம். நான் அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே ரயில் வந்து நின்று போனது.

ஹட்டன் நொத்தாரிசிடம் ஓடினேன். அவர் எங்கள் உறுதியை எடுத்து இரண்டு தரம் படித்தார்.

"விக்கிறதா இருந்தான்னு மட்டுந்தான் எழுதியிருக்கோம் டீச்சர். இது இனாம். காசு கைமாறிச்சுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். வழக்குப் போடலாம், ஆனா எத்தன வருஷம் இழுக்கும்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு நான் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கணும்."

மன்னிப்பு கேட்பதுபோல் அவர் சொன்ன அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நேரே தலவாக்கலையில் அவள் வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"ஒரு மாசம் தர்றேன்னியே?"

"அந்த ஓட்டல்காரரு பொறுக்க மாட்டேன்னுட்டாருடி. ஒனக்கு லோன் கெடைக்கும்னு என்ன நிச்சயம்? கெடைக்காமப் போனா நாங்க நடுத்தெருவுல நிக்கிறதா?"

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா நீ?" என்றவள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "சட்டப்படி நான் விக்கல."

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட சொற்களிலேயே மோசமானது அதுதான். யாரோ சொல்லிக் கொடுத்த சொல் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. அவள் கேட்ட கேள்வியும் சரிதான். வந்து கேட்டிருந்தாலும் நான் விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் ஏமாளியாக வங்கி வாசலில் நின்றிருக்கவும் மாட்டேன்.

வழக்குப் போடவில்லை. "கோர்ட்டுக்கு அலைஞ்சா வீடு கட்டுறது எப்ப? நான் இருக்கும்போதே கட்டு" என்றார் அம்மா. எனக்கும் துணிச்சல் இல்லை என்பதுதான் உண்மை.

பெக்கோ இயந்திரம் வந்து மண்ணை வெட்டியது. மதில் எழுந்தது, அதற்குள் ஒரு தங்கும் விடுதியும் எழுந்தது. உறுதியில் இருந்தபடி சரியாக மூன்றடிப் பாதையை விட்டார்கள், ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதில் லொறி வராது. என் வீட்டுக்கான கல், மணல், சீமெந்து எல்லாம் ஆட்களின் தோளில்தான் உள்ளே போயின. அதற்கே பாதிக் காசு போய்விட்டதால், இரண்டு அறையாக நினைத்த வீடு ஒரு அறையோடு நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் சுற்றுலா வந்தவர்கள் பாட்டுப் போடுகிறார்கள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன வருடம் அவளுடைய அம்மா இறந்துபோனார். லயத்துக்குப் போனேன். எனக்கும் சோறு ஊட்டியவர் அவர். என்னைக் கண்டதும் அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. அவளோடு சேர்ந்து அழவும் இல்லை. பிரேதத்தை எடுத்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரோட்டுக்கு ஏறி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.