டீச்சரின் டிஸ்க்கை எங்கள் மெஷின் படிக்கவில்லை

கறுப்புச் சதுரமான அந்த டிஸ்க்கின் மேல் ‘உடையும் பொருள், கவனம்’ என்ற சிவப்பு லேபிள் ஒட்டியிருந்தது. சாங்கி விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் எங்கள் சூப்பர்வைசர் தம் கைக்கு வரும் எதையும் லேபிள் ஒட்டாமல் விடமாட்டார். தம்முடைய சாப்பாட்டு டப்பாவுக்கே ஒட்டியவர். போதாக்குறைக்கு அந்த லேபிளின் மேல் பேனாவை அழுத்தித் தம் மனைவியின் பெயரை வேறு எழுதியிருந்தார். எண்பதுகளின் நடுவில் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து, அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆளாக நான் இருந்த காலம். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. “அங்கிள், டிஸ்க் மேல பேனாவால எழுதலாமா? உள்ள கீறல் விழுந்திருக்கும் லா!” என்று சத்தம் போட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அவர் மனைவி சிராங்கூனில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவர். இறந்து மூன்று வருடமாகியிருந்தது. தொண்டையில் ஆபரேஷன் செய்து பேச்சு போன பிறகு, பள்ளி விட்டதும் அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதையோ தட்டி இந்த டிஸ்க்கில் சேர்த்துக்கொண்டிருந்தாராம். என்னவென்று இவர் கேட்டதற்கு, ‘சமையல் குறிப்பு’ என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடையில் அவர் தனியாகச் சாப்பிடுவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். எதிர் நாற்காலியில் தம் பையை உட்கார வைத்திருப்பார். எனக்கும் வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் பார்க்காததுபோல் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மெஷினில் போட்டதும் டிஸ்க் கரகரவென்று சுற்றியது; படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதுதான். படிக்காத டிஸ்க் எதுவானாலும் ஃபார்மட் செய்து புதிதாக்கிக்கொள்வதுதான் எங்கள் அலுவலக வழக்கம். கையும் பழக்கத்தில் அந்த வார்த்தையை அடித்துவிட்டது. இன்னும் ஒரு பொத்தான்தான் பாக்கி. “அவ எழுதினது வருதா மா?” என்று பின்னாலிருந்து கேட்டார். என் விரல் அப்படியே நின்றது. அழுத்தியிருந்தால் டீச்சர் எழுதியது அத்தனையும் போயிருக்கும். நானே சுத்தமாகத் துடைத்திருப்பேன்.

கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்த சீனர்தான் டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு ஒரு கேடும் இல்லை என்றார். ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தன் வழக்கப்படி எழுதுமாம். மற்றதற்கு அது வெறும் கிறுக்கலாம். எழுதிய மெஷினையே தேடிப் போங்கள் என்றார். பேனாவைக் குறை சொன்னதற்கு அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக்கு போன் செய்தால், பழைய மெஷின்களை எல்லாம் கழித்துவிட்டார்களாம். ஒன்றே ஒன்று ஸ்டோரில் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை அதையும் ஏற்றிப் போக லாரி வந்துவிடும் என்றார்கள்.

வியாழக்கிழமை இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினோம். மெஷின் மேல் ஒரு விரல்கடை தூசி. டிஸ்க்கைப் போட்டதும் பச்சை எழுத்துகள் வரிவரியாக வந்தன. தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்தது. கண்ணால் பார்த்தால் விளங்காது, வாய்விட்டுப் படித்தால்தான் விளங்கும். அங்கிள் என்னைப் படிக்கச் சொன்னார்.

“தங்கச்சி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இவருக்கு மீன் கறியில புளி கம்மியாப் போடுங்க. சாப்பாடு நல்லாருக்குன்னு வாயத் தொறந்து சொல்லவே மாட்டாரு. ரெண்டாவது தடவ சோறு கேட்டா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். கோவத்துல பேசாம இருந்தா நீங்களே பேசிடுங்க. அவருக்கு ஆரம்பிக்கத் தெரியாது.”

நான் நிறுத்திவிட்டேன். சமையல் குறிப்பை டீச்சர் தம் கணவருக்கு எழுதவில்லை. தமக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரப்போகிறவளுக்கு எழுதியிருக்கிறார். அதை என் வாயால் படிக்கக் கூச்சமாக இருந்தது. “நிறுத்தாத மா, படி,” என்றார். நான்கு பக்கம். படித்து முடித்தேன். “தங்கச்சின்னு கூப்பிட்டிருக்கா பாரு. அடுப்படிக்குள்ள எங்க அக்காவையே விடமாட்டா அவ,” என்றார்.

பிரிண்டர் இல்லாததால் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் லாரி வந்து மெஷினை ஏற்றிப் போயிற்று. அந்த வீட்டுக்குக் கடைசிவரை யாரும் வரவில்லை. எனக்காக இப்படி நான்கு பக்கம் எழுத ஒருவர் இருந்திருந்தால் என்று, அவரிடம் சொல்லாமல், பல நாள் ஏங்கியிருக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை அங்கிள் என் மேசையருகே வந்து நின்றார். “நேத்து நானே மீன் கறி வச்சேன். புளி கம்மியா.”

“எப்படி அங்கிள் இருந்துச்சு?”

“ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்டேன் மா. நல்லாருக்குன்னு சொல்ல வாயத் தொறந்தேன். ஆள் இல்ல.”