நைலான் சாக்ஸில் தெறித்த பொறி

கடையில் மகள் நைலான் ஹாக்கி சாக்ஸைப் போட்டுப் பார்த்துக் கழற்றியபோது சடசடவென்று சத்தம் வந்தது. சட்டென்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன்.

கோவில்பட்டியில் நான் எட்டாவது படிக்கும்போது பள்ளி ஹாக்கி அணிக்கு இதே மாதிரி சாக்ஸ் கொடுத்தார்கள். மாசி மாதம், காற்றில் ஈரமே கிடையாது. ஒரு சாயங்காலம் ஆட்டம் முடிந்து, கரிசல் புழுதியோடு அம்மா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகள் சட்டம் சட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தன. மூக்கை அரிக்கும் மருந்து வாடை. அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாக்ஸை உருவினேன். மங்கலான அந்த அறையில் என் காலருகே நீலமாய் ஒரு பொறி தெறித்தது.

"ஏட்டி!"

அம்மா என் பின்னலைப் பிடித்து ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடினாள். மற்ற பெண்களும் அலறிக்கொண்டு வெளியே வந்தார்கள். எல்லோரும் வாசலையே பார்த்து நின்றோம். எதுவும் பற்றவில்லை. அம்மாவுக்குப் பல் தந்தியடித்தது.

"இனிமே தீ பத்துமாம்மா?"

"பேசாதட்டி" என்று என் கால்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாளே நூல் சாக்ஸ் வாங்கி வந்தாள். "இது கால்ல நிக்காதும்மா, சரியும்" என்று அழுதேன்.

"சரிஞ்சா சரியட்டும். நீ இருக்கணும்லா."

மகளிடம் நூல் சாக்ஸை நீட்டினேன்.

"வேர்வையில கனக்கும்மா."

"கனக்கட்டும்" என்றேன்.