நம்பர் ஒன்றுதான், பிராசசர் வேறு

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். தறிகளுக்குப் போகும் டிசைன்கள் எல்லாம் அங்குள்ள சர்வரில்தான் இருக்கின்றன. அது மெதுவாக ஓடுகிறது என்று முதலாளி பழைய பிராசசரைக் கழற்றித் தரச் சொன்னார். சென்னையில் அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றி வாங்கி வந்தார்.

வாங்கியதும் திருப்பிப் பார்த்தேன். மாடல் நம்பர் அதேதான். ஆனால் பழையது மூன்றாம் பதிப்பு, இது நான்காம் பதிப்பு. மதர்போர்டை இயக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்யாமல் இது ஓடாது. எங்கள் போர்டில் அந்த அப்டேட்டைச் செய்யப் பழைய பிராசசர் வேண்டும்.

"சார், இது வேற. பழசு இல்லாம ஓடாது."

"நம்பர் ஒண்ணாதானே இருக்குது? பேசிக்கினு நிக்காம மாட்டும்மா."

ஜரிகையை உரசிப் பார்க்காமல் ஒரு சேலையைக்கூட வாங்காத மனுஷர் அவர்!

நானும் வாயை மூடிக்கொண்டு மாட்டினேன். அதுதான் என் தப்பு. ஃபேன் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. சென்னைக்குப் போன் செய்தால், பழையது விற்றுப்போயிருந்தது. இன்னொரு மூன்றாம் பதிப்பைத் தேடிப்பிடித்து அப்டேட் செய்யும்வரை, டிசைன் வராமல் நான்கு நாள் தறிகள் நின்றன. கேட்க வந்த நெசவாளர்களிடம், "இந்தப் பொண்ணு மாட்டிக் கெடுத்துடுச்சிபா" என்று என் எதிரிலேயே முதலாளி சொன்னார்.

இப்போதெல்லாம் போர்டு கம்பெனியின் பட்டியலில் பிராசசரின் பதிப்பையும் அதற்கு வேண்டிய பயாஸையும் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதில்லை. புதியது ஓடும்வரை பழையதைக் கையை விட்டுக் கொடுப்பதும் இல்லை. முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும். எப்படியும் திட்டு எனக்குத்தான். அந்தத் திட்டைப் பிராசசர் மாட்டுவதற்கு முன்பே வாங்கிக்கொள்கிறேன்.