கால்கட்டு

தவளையைக் கொல்லாமல் என் வேலை தொடங்காது. செலாயாங் பாசாரில் சமையலுக்கு விற்கிற தவளைகளைச் சாக்கில் கட்டிக் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவேன். தலையைக் கத்தரித்து, முதுகெலும்புக்குள் ஊசியை விட்டு ஒரு திருகு. பிறகு தசையை நரம்போடு அறுத்து எடுத்து உப்புக் கரைசலில் போடுவேன். கொலைகாரி என்று அண்ணன்தான் முதலில் கேலி செய்தான்.

நரம்பு ஒரு ரசாயனத்தைத் துப்பும். தசை மேலிருக்கும் ஏற்பி என்கிற குட்டி வாசல் அதைப் பிடித்துத் திறக்கும், அயனிகள் உள்ளே பாயும், தசை துடிக்கும். நிக்கோட்டினுக்கும் திறப்பதால் அதற்கு நிக்கோட்டினிக் ஏற்பி என்று பெயர். கட்டுவிரியன் விஷம் அந்த வாசலை அடைத்து உட்கார்ந்துகொள்ளும், லேசில் நகராது. துடிப்பு நின்றதும் மாணவர்கள் செத்துப்போச்சு என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். செத்தது வேறு, அசைய முடியாதது வேறு என்று கத்துவேன்.

எங்கள் வீடு கிள்ளானில், ரயில் பாதையோரம். அண்ணன் லோரி ஓட்டினான், குடித்தான், முப்பது வயதிலும் அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கினான். ஒரு கால்கட்டு போட்டால் அடங்கிவிடுவான் என்று சொந்தக்காரர்கள் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை சித்தப்பா ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார். தரையில் படுத்திருந்த அண்ணன் எழுந்து, கண் இமை தூக்க முடியவில்லை என்றானாம். பேச்சு குழறியதாம். விடிந்ததும் குடியா என்று அப்பா பெல்ட்டை உருவி விளாசியிருக்கிறார். அடி வாங்கிக்கொண்டே கழுத்து தொங்கி விழுந்துவிட்டான். பக்கத்து கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளாக இருந்த டிரெஸ்ஸர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போயிடுச்சு என்றாராம்.

இமை, நாக்கு, கழுத்து, கடைசியில் மூச்சு. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்தால் வலியும் தெரியாது, தடமும் தெரியாது.

"சித்தப்பா, பாம்பு கடிச்சிருக்கு. அண்ணன் சாகல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

துக்கத்தில் உளறுகிறேன் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

நான் காரை ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வேட்டிக் கிழிசல், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. அப்பா அவன் காதருகே குனிந்து ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தார். அவரைத் தள்ளிவிட்டு, தாடைக்கட்டைப் பிய்த்தேன். என் மூக்குக்கண்ணாடியை அவன் மூக்கடியில் பிடித்தேன். இம்மியளவு ஆவி படிந்தது.

அவன் வாயோடு வாய் வைத்து ஊதினேன். அத்தைகள் அலறினார்கள். பிணத்தின் வாயில் வாய் வைக்கிறாளே என்று சித்தப்பா என் முடியைப் பிடித்து இழுத்தார். அவர் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்தேன். யாரோ முதுகில் உதைத்தார்கள். குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு, கிட்ட வந்தால் மண்டையைப் பிளப்பேன் என்றேன். பிளந்திருப்பேன். கடைசியில் அண்ணனின் லோரிக் கூட்டாளிகள் இருவர்தான் அவனைத் தூக்கி என் காரில் ஏற்றி ஓட்டினார்கள். ஆஸ்பத்திரி வரும்வரை ஊதிக்கொண்டே போனேன். கால்கட்டு அவிழ்த்தது அங்கே ஒரு நர்ஸ்.

பல நாள் இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. தொண்டைக் குழாயை எடுத்தபிறகு, எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது என்றான். டார்ச் அடித்தது, விரலைக் கட்டியது, பாடைக்கு மூங்கில் தேடியது, எல்லாம்.

"அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? உன்னை அடிச்ச கை அழுகிப் போகட்டும்டா, என் தங்கமேன்னு அழுதாரு."

சொல்லும்போது அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அதன்பிறகு ஆய்வுக்கூடத்தில் தவளையின் தலையைக் கத்தரித்தபின், முதுகெலும்பில் ஊசியை இரண்டு முறை திருகினேன். பின்னாளில் ஒற்றை ஏற்பி திறந்து மூடும் மின்சாரத்தையே அளந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த இரண்டாவது திருகு மட்டும் போகவில்லை.

அண்ணன் பிழைத்து வந்து ஆறேழு மாதம் போயிருக்கும். ரவாங்குக்கு லோட் ஏற்றிப்போன அண்ணன் குடித்துவிட்டு மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். நானும் இருந்தேன். அப்பா பெல்ட்டை உருவினார். முதல் அடி தோளில் விழுந்தது.

அண்ணன் தடுக்கவில்லை. "அப்பா, நான் செத்தப்ப நல்லாத்தான பேசுனீங்க" என்றான்.

அடுத்த அடி அவன் வாயிலேயே விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. அப்பா நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. அண்ணனுக்கு வந்தது; கிழிந்த உதட்டோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.