தளியில் ஏழு நாள்

கல்யாணம் ஆன பத்தாம் நாள் அவர் என்னைத் தளிக்கு அழைத்துப் போனார். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் தனியாக வெளியூர் போய்த் தங்குவதெல்லாம் எங்கள் அரூர்ப் பக்கத்தில் யாரும் கேள்விப்படாதது. என் அம்மாவுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "குளுருமாம், கம்பளி எடுத்துக்கோ" என்றாள்.

அவர் ஓசூரில் பள்ளிக்கூட வாத்தியார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். முதல் மனைவி பிரசவத்தில் தவறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொல்லித்தான் பெண் கேட்டார்கள். தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன்.

தளியில் அவருக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் தோட்டத்து வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. பனி விலகவே ஒன்பது மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு நடக்கக் கிளம்புவோம். ராகி அறுத்த கொல்லைகள், அவரைக் கொடிகள், செவ்வந்திப் பாத்திகள், ஏரிக்கரை. அவர் முன்னால் போவார், நான் பத்தடி பின்னால். யாரிடமும் வழி கேட்கமாட்டார். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்பது அவர் காலுக்கே தெரிந்திருந்தது.

எல்லையோர ஊர் என்பதால் சுற்றிலும் கன்னடம். எனக்கு ஒரு சொல் தெரியாது. அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒருநாள் தோட்டத்து எருமையிடம் நின்று, எங்கள் வீட்டு மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அவரைக் கண்டதும் சிரித்த முகமாக எழுந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஆ அம்மா பரலில்வா?" என்று அவரிடம் கேட்டாள்.

"இல்லா" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார். அவள் என் முந்தானையில் இரண்டு கை அவரைக்காயை அள்ளிப் போட்டாள்.

"என்னங்க கேட்டாங்க?" என்றேன், ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டு.

"எந்த ஊருன்னு கேட்டாங்க."

மறுநாள் பேப்பர் வாங்க பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். ஓசூரிலிருந்து பஸ்ஸில்தான் பேப்பர் வரும். காத்திருந்த ஒருவர் "பஸ் பரலில்லா" என்று அலுத்துக்கொண்டார்.

"அப்படீன்னா?"

"பஸ் வரலையாம்" என்றார் இவர். சொல்லி முடித்த பிறகுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

அந்த அம்மா வரலையா. அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

அறைக்குத் திரும்பினோம். அவரைக்காயை உரித்துக்கொண்டே கேட்டேன்: "அவங்களயும் இங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"இதே ரூமா?"

அவரும் ஒரு காயை எடுத்து உரிக்கத் தொடங்கினார். "சந்தோஷமா இருந்த எடம்னு எனக்கு இது ஒண்ணுதாம்மா தெரியும். வேற எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல."

அதில் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுவதுபோல் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்குக் கடிதம் போடலாமென்றால் என்னவென்று எழுதுவது? அடித்தாரா, திட்டினாரா?

ஐந்தாம் நாள் காலை நானே முதலில் செருப்பை மாட்டினேன். "இன்னிக்கு நீங்க போகாத பக்கமாப் போலாம்" என்றேன். யோசித்துவிட்டு, கிழக்கே ஒரு வண்டித்தடத்தைக் காட்டினார். அது கொஞ்ச தூரத்தில் முட்புதரில் போய் முடிந்தது. அவர் வழி தெரியாமல் விழித்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டு, ஒரு மேட்டில் ஏறி, கொண்டுபோயிருந்த ராகி ரொட்டியைத் தின்றோம்.

"உங்க ஊர்ல இப்ப என்ன பயிரு?" என்று கேட்டார். அவர் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. சாமை, கொள்ளு, வறண்ட கிணறு, என் தம்பிகள் என்று சொல்லிக்கொண்டே போனேன். வெயில் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பழையபடி அமைதியாகிவிட்டார். மீதி இரண்டு நாளும் ஏரிக்கரைக்குத் தனியாகவே போனார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

பிறகு ஓசூரில் முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தோம். மூன்று பிள்ளைகள். கன்னடமும் நன்றாக வந்துவிட்டது. என்னை ஒரு சொல் கடிந்து பேசாத மனுஷர். ஆனால் தளியில் இருந்த அளவுக்குத் தனியாக நான் அப்புறம் ஒருநாளும் இருந்ததில்லை. அவரும் அங்கே அப்படித்தான் இருந்திருப்பார் என்பது, பிள்ளைகள் எல்லாம் வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மூன்று தடவை "தளிக்குப் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்று சொல்வேன். போகவேயில்லை.