டோடோவும் புது மாப்பிள்ளையும்

எங்கள் கல்முனைப் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை வந்த மூன்றாம் நாள் பகல், வாப்பா, அவர், நான் மூவரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து புரியாணி சாப்பிட்டோம். பேச்சு ஓடவில்லை. நான் போனில் வாசித்ததை எடுத்துவிட்டேன்.

"மச்சான், மொரீசியஸ் தீவில டோடோ எண்டு ஒரு பறவை இருந்திச்சாம். வெளியால இருந்து குடிவந்த ஆக்களாலதான் அழிஞ்சிச்சாம். அவங்க கொண்டுவந்த பண்டியும் எலியும் முட்டையெல்லாம் திண்டு முடிச்சிட்டுதாம்."

சாப்பாட்டில் பன்றிக் கதை எடுத்ததற்குத்தான் வாப்பா முறைக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் மச்சானைப் பார்த்தேன். வாய்க்குக் கொண்டுபோன அவித்த முட்டையை மெல்லத் திருப்பி வைத்துவிட்டார்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டுத் தன் உம்மா வீட்டுக்குப் போனவர் பொழுதுபட்டு மஃரிப் ஆகும் வரை திரும்பவில்லை. ராத்தா என்னோடு கதைக்கவே இல்லை. கடைசியில் மச்சான் ஒரு கூடையோடு வந்தார். உள்ளே மூன்று பெட்டைக் கோழிகள்.

"இனி முட்டைக்குப் பயமில்ல மச்சான்" என்று சிரித்தார்.

போன மாதம் நானும் மருதமுனையில் மாப்பிள்ளையாகக் குடிவந்தேன். முதல் நாள் சாப்பாட்டில் மாமா என் பக்கம் தள்ளிய முட்டையை எடுக்கக் கை எழவில்லை. அங்கே ஒருவரும் டோடோ கதை எடுத்திருக்கவில்லை. அன்று மச்சானால் எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.