ஆடி மாதத்தில் நகர்ந்த வீடு

நான் வடிவமைத்த முதல் வீட்டில் குடியேறியது ஒரு எருமை.

வடக்கே மலைப்பக்கத்தில் நிலநடுக்கத்தால் வீடிழந்தவர்களுக்காகச் செய்தது அது. இங்கே கடலோரத்தில், மணப்பட்டுக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் பட்டறை இருக்கிறது. இரும்புச் சட்டம், மூங்கில், வைக்கோலை அழுத்திச் செய்த பலகை என்று எல்லாவற்றையும் இங்கே தனித்தனியாகச் செய்வோம். லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் போல்ட்டு முடுக்கினால் வீடு. இடம் மாற வேண்டுமென்றால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், எதுவும் வீணாகாது. இதைக் கூட்டங்களில் சொல்லிக் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் போட்டோ வந்தது. நான் பார்த்துப் பார்த்து வைத்த ஜன்னல் வழியாக எருமை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வைக்கோல் சுவரில் ஒரு மூலையை ருசியும் பார்த்திருந்தது. வீட்டுக்காரர்கள் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் எருமை மேலா, அவர்கள் மேலா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இரண்டாவது மாதிரி வீட்டுக்கு மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மலையிலிருந்து ஓர் அம்மா நேரில் வருவார். அவரும் வீடிழந்தவர்தான், ஊரே அவர் பேச்சைக் கேட்கும். இதில் குடியிருக்கலாம் என்று அவர் சொன்னால் ஊர் முழுக்க இந்த வீடு. வேண்டாம் என்றால் எல்லோருக்கும் தகரக் கொட்டகை, எனக்கு வேறு வேலை. அவர் எதிரிலேயே வீட்டைக் கழற்றி, வேறு இடத்தில் மாட்டிக் காட்ட வேண்டும். இந்தத் தடவை சுவருக்குச் சுண்ணாம்பு பூசினேன். எருமைக்குப் பிடிக்காது என்று கேள்வி.

பட்டறைத் திடலில் மாதிரி வீடு எழுந்தது. எழுந்த அன்றே என் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவளைப் பக்கத்து ஊரான பனித்திட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாமா கடலுக்குப் போகிறவர், இவள் மீன் விற்பாள். விற்று முடித்துப் போகிற வழியில் வெயிலுக்கு ஒதுங்கினாள். முதலில் மீன் கூடை வந்தது. அடுத்த நாள் பாய் வந்தது. அப்புறம் சாமி படம் போட்ட காலண்டரும் ஒரு சீப்பும்.

"அக்கா, இது மாதிரி வூடு" என்றேன்.

"மாதிரின்னா இன்னா, வெயிலு உள்ள வருதா?" என்றாள்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தன்று பட்டறைக்குப் போனேன். ஆளாளுக்குக் கையில் டம்ளரோடு நின்றார்கள். அக்கா உள்ளே ஸ்டவ்வை வைத்துப் பால் காய்ச்சியிருந்தாள். கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்ததாம், அதில் அவளுக்குத் தாங்க முடியாத பெருமை.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க?"

"ஆடி பொறந்துட்டா ஏதுடா நாளு? அதான் இன்னிக்கே காய்ச்சிட்டேன். ஆறிடப் போவுது, குடி."

குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

ஆடி பிறந்தது. மலையிலிருந்து அந்த அம்மாவும் அதிகாரிகளும் நாளைக்கு வருகிறார்கள் என்று போன் வந்தது. எங்கள் ஃபிட்டரிடம் ஒரு தடவை கழற்றி ஒத்திகை பார்க்கச் சொன்னேன். உறுவையாற்றுக்காரர், நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். நாள் நட்சத்திரம் பார்க்காமல் ஸ்பேனரைக்கூட தொடமாட்டார். அன்று தொட்டதையும் கீழே வைத்துவிட்டார். "பால் காய்ச்சின வூடு தம்பி. நானும் குடிச்சிருக்கேன். ஆடி மாசத்துல போயி பிரிக்கச் சொல்றீங்களே."

"சாம்பிள்ங்க இது!"

"சாம்பிளுக்கு எவனாச்சும் பால் காய்ச்சுவானா?"

காய்ச்சியவளைத் தேடிக்கொண்டு போனேன். உள்ளே பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யாரு வூட்டுக்கு யாருக்கா பால் காய்ச்சறது? என் பொழப்புல மண்ண போட்டுட்டியே. உன்ன யாரு கேட்டா?"

வழக்கமாக ஒன்றுக்கு நான்காகத் திருப்பித் தருகிறவள், அன்று நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "சுனாமி கொட்டாயிலதான்டா எனக்குக் கல்யாணம் ஆச்சி. பால் காய்ச்சணும்னு சொன்னேன். மூணு மாசம் இருக்கப் போற கொட்டாய்க்கு எதுக்கு பாலுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. மூணு மாசமா இருந்தோம்? வருசக்கணக்கா இருந்தோம். புள்ளயும் அங்கதான் பெத்தேன். கடைசி வரிக்கும் அது எனக்கு வூடுன்னே தோணல. யாரோ போட்ட கொட்டாய்ல குந்தினு இருக்கறாப்லயே இருந்துச்சி."

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் தார் ஷீட்டுக் கூரை ஞாபகம் இருக்கிறது. பால் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் கோபம் போகவில்லை. நாளைக்கு அவர்கள் வந்து நிற்பார்களே!

வழி சொன்னவர் மாமா. "பிரிக்கறதுதானே கூடாது? அப்பிடியே தூக்கிடலாம். எங்காளுங்க தூக்காத படகா?"

"ஆடியில குடி மாறக் கூடாதுங்களே" என்று ஃபிட்டர் இழுத்தார்.

அதற்கு அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. "நான் வூட்டுக்குள்ளயே குந்திக்கறேன். நானும் வூட்ட வுட்டு வரல, வூடும் என்ன வுட்டுப் போவல. அப்புறம் யாரு குடி மார்றது?"

ஃபிட்டர் வெகு நேரம் யோசித்தார். யோசித்து, சரிதான் என்றார். படித்த என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வந்தவர்கள் பார்த்த காட்சி இதுதான். அடியில் சவுக்குக் கம்பங்கள் கொடுத்து, பனித்திட்டு ஆட்கள் வீட்டைத் தோளில் வைத்துத் திடலைக் கடந்துகொண்டிருந்தார்கள். மாமா முன்னால் நின்று சத்தம் கொடுத்தார். குடியிருக்கிற வீட்டில் குடம் நிறைந்திருக்க வேண்டும் என்று, உள்ளே அக்கா மடியில் தண்ணீர்க் குடத்தோடு இருந்தாள். திடல் ஓரத்து வாய்க்காலில் இறங்கியதும் முன்னால் போனவர்களுக்குக் கால் புதைந்தது. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, குலுங்கி, மறுபக்கம் சாய்ந்தது. ஜன்னலில் அக்கா தலை தெரிந்தது.

"டேய், சோறு துன்னுட்டுதானே வந்தீங்க? ஒழுங்கா தூக்குங்கடா!"

எதிர்க்கரையில் இறக்கினார்கள். நான் ஓடிப்போய்க் கதவில் கை வைத்தேன். நிலம் ஆடினால் சட்டம் கோணி முதலில் சிக்கிக்கொள்வது கதவுதான். விரலால் தள்ளியதும் திறந்தது. உள்ளே அக்கா தலையிலிருந்து கால் வரை நனைந்து உட்கார்ந்து, என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். குடம் காலி.

கூட வந்த இரண்டு அதிகாரிகளும் ஷூ காலோடு உள்ளே ஏறினார்கள். சுவரைத் தட்டினார்கள், போல்ட்டைத் தடவினார்கள், ஆகா என்றார்கள். அந்த அம்மா மட்டும் வாசலிலேயே நின்றார். ஸ்டவ்வைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், ஈரத் தலையோடு இருந்த அக்காவைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போச்சு, மறுபடியும் எருமைதான் என்று நினைத்தேன்.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அக்கா ஸ்டவ்வைப் பற்றவைத்து, தூக்குச்சட்டியில் மூடி வைத்திருந்த பாலைச் சுடவைத்துக் கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த அம்மா ஏதோ கேட்டார்.

கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "இது யாருடைய வீடு என்று கேட்கிறார்."

மாதிரி வீடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "அவங்களுதுன்னு சொல்லுங்க. அவங்க வர்றதுக்குள்ள நாளு போயிடுமேன்னு பால மட்டும் நான் காய்ச்சிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த அம்மா பாலைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அதிகாரிகள் பக்கம் திரும்பி, அவர்கள் காலைக் காட்டி இரண்டே வார்த்தை சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. இரண்டு பேரும் வாசலுக்குப் போய், குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.